அப்பாவுக்காகப் பற்றவைத்த சிகரெட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே நான் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது.

என் அப்பா குடியால் போனவர். வருடா வருடம் அவர் இறந்த நாளில் படையல் போடுவோம். கோழிக்கறி, ஒரு கேன் பீர், ஒரு சிகரெட். சிகரெட்டைப் பற்றவைத்து அவர் படத்துக்கு முன்னால் வைப்பது மூத்த மகனான என் வேலை. இழுக்காமல் சிகரெட் பற்றாது, அதனால் ஓர் இழுப்பு இழுப்பேன். உடனே வீடு முழுக்க அப்பா வாசனை வந்துவிடும். அந்த வாசனைக்கு ஏங்கித்தான் மற்ற நாட்களிலும் பற்றவைக்க ஆரம்பித்தேன். அப்பா மாதிரி குடிகாரன் ஆகமாட்டேன் என்று வீராப்பு பேசித் திரிந்த ஆள் நான். சிகரெட்டோடு பீரும் வந்தது. சாயங்காலம் ஒரு கேன் என்பது நாலைந்து ஆனது.

கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டும். ஒரு நாள் காலையில் என் பக்கம் ஆடிக்கொண்டே இருந்தது. கூட்டாளி மெஷினை நிறுத்திவிட்டார்.

"கை ஏன் இப்படி நடுங்குது? கிளினிக் போய்ட்டு வாலா, அப்புறம் பிடிக்கலாம்."

பக்கத்து டவுனான தானா ராத்தாவில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் ஒரு தமிழ்ப் பெண். அப்பாவைப் பற்றி, சிகரெட்டைப் பற்றி எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"அப்பாகிட்டேருந்து ரத்தத்துல வர்றது கொஞ்சம் இருக்கு அண்ணே. எல்லாப் பிள்ளைக்கும் வரும்னு இல்ல. ஆனா சிகரெட்டும் சேர்ந்துச்சுன்னா குடி சுலபமா பிடிச்சிக்கும். ரத்தத்த மாத்த முடியாது. சிகரெட்ட விடலாம்லா."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்பாவுக்குப் படைக்கிறேன் என்று எனக்கே படைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வருடப் படையலிலும் அம்மா வழக்கம்போல சிகரெட்டை இலையில் வைத்தார்.

"வேணாம்மா. பத்த வெச்சா என்னால விட முடியாது."

"அவருக்குப் பிடிச்சதுடா. ஒரு நாள் தானே" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிகரெட்டோடு பீரையும் சேர்த்து எடுத்துவிட்டார். அப்பாவின் பழைய மங்குக் கோப்பையில் தேநீர் ஊற்றி வைத்தோம். வீட்டில் சாம்பிராணி வாசனை மட்டும் இருந்தது. அப்பா வரவே இல்லை. பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

சிகரெட்டையும் பீரையும் நான் தொட்டு மூன்று வருடமாகிறது. ஒன்றே ஒன்று பற்றவைத்தால் அப்பா வந்துவிடுவார் என்று இன்றும் மனம் ஏங்குகிறது. வந்தால் என்னை விட்டுப் போகமாட்டார் என்பதும் இப்போது எனக்குத் தெரியும்.