சிவப்புத் துணி கட்டிய பாட்டில்

நெடுங்காட்டில் அண்ணன் வீட்டு போர் தண்ணீர் உப்பு. கக்கூஸ் பீங்கானிலும் குளியலறைத் தரையிலும் மஞ்சள் கறை ஏறிவிடும்; சோப்புத்தூளுக்கெல்லாம் அது மசியாது. அதனால் மொபெட்டில் நீலக் கேனைக் கட்டிக்கொண்டு "ஆசிட்டு, பினாயிலு" என்று கூவி வருகிறவருக்கு அந்தத் தெருவில் நல்ல வரவேற்பு. அவர் பாட்டில் தரமாட்டார். நாம்தான் எதையாவது நீட்ட வேண்டும். புனல் வைத்து ஊற்றிவிட்டுப் போய்விடுவார். என் அண்ணி ஒரு பழைய தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அதைக் கொல்லைச் சுவர்மேல் வைத்தார். வயலுக்கு எடுத்துப் போகும் தண்ணீர் பாட்டில்களும் அங்கேதான் இருக்கும். ஒருநாள் நடவு முடிந்து வெயிலோடு வந்தவர், கைக்கு அகப்பட்டதை எடுத்துத் திறந்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

வயலில் ஒரே பாட்டில் நாலு பேர் கை மாறும். எச்சில் படாமல் குடிப்பதுதான் மரியாதை. சின்ன வயதிலிருந்து அப்படியே பழகியவருக்குத் தனியாக இருந்தாலும் வாய் வைத்துக் குடிக்க வராது. "உதட்டுல பட்டிருந்தா எரிஞ்சவுடனே துப்பியிருப்பாங்க. நேரா தொண்டைக்குள்ள போயிடுச்சு" என்றார் டாக்டர். அண்ணி பிழைத்துக்கொண்டார். ஆனால் உணவுக்குழாய் சுருங்கிவிட்டது. அவ்வப்போது ஆஸ்பத்திரியில் அதை விரித்துவிட்டால்தான் கஞ்சியாவது இறங்கும். சோறு இறங்காது. சோறு விளைவிக்கிற வீட்டில்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காரைக்காலில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள், நாலு எழுத்துப் படித்தவள் என்ற திமிர் வேறு. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது, அந்த நீலக் கேனை நிறுத்தியே தீருவது என்று கிளம்பினேன். சட்டத்தைத் தேடிப் படித்தேன். உரிமம் இல்லாமல் ஆசிட் விற்கக் கூடாதாம். வாங்குகிறவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டுமாம், எதற்கு என்று கேட்க வேண்டுமாம். எங்கள் மொபெட்காரர் இதுவரை கேட்ட ஒரே கேள்வி, "முழுசாவாக்கா, பாதியா?" என்பதுதான்.

புகாரோடு முதலில் போன அலுவலகத்தில் உட்காரச் சொல்லி டீகூடக் கொடுத்தார்கள். "சட்டம் ரொம்ப ஸ்ட்ராங்குங்க மேடம். ஆனா அந்த ஆளு தமிழ்நாட்டுலேருந்துல்ல வர்றாரு. நீங்க அந்தப் பக்கம் குடுத்துப் பாருங்க."

எங்கள் காரைக்கால் மாவட்டத்துக்குக் கிழக்கே கடல். மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. எல்லை என்று சொல்வது சில இடங்களில் ஒரு வாய்க்கால், சில இடங்களில் வெறும் போர்டு. அதைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்து அதிகாரிகளிடமும் சொன்னேன்.

"விக்கிறது உங்க ஊர்லதானங்க?" என்றார்கள்.

திரும்பி வந்தேன். இந்த முறை டீ இல்லை. புதிதாக வந்திருந்த ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "குடிக்கிறவங்க என்னான்னு பாத்துக் குடிக்க வேணாமா?" என்று கேட்டார். அவரை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்களுடையதை இரண்டு அரசாங்கம் சேர்ந்து ஏட்டில் வளர்க்கிறது, அவ்வளவுதான். மொபெட் அந்த வாரமும் வந்துபோனது.

போன மாதம் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. உதவிக்கென்று நான் குடியிருக்கும் கோட்டுச்சேரியிலிருந்து முதல்நாளே பஸ் ஏறிப் போனேன். குளியலறை பளிச்சென்று இருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். அதே சுவர்மேல், தண்ணீர் பாட்டில்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாட்டில். அதன் கழுத்தில் சிவப்புத் துணி.

"அவர்கிட்டயா வாங்குனீங்க, அண்ணி?" என்று கத்திவிட்டேன். "உங்களுக்காகத்தானே நான் நாயா அலைஞ்சேன்?"

அண்ணி வெந்நீர் டம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். இப்போது அப்படித்தான் குடிக்க முடியும். குரல் காற்றாகத்தான் வந்தது.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்கம்மா. கறையா கெடந்தா என்ன நெனப்பாங்க? அதான் சேலைல கிழிச்சுத் துணி கட்டிருக்கேன்ல. பாரு, தூரத்துலேருந்தே தெரியும்."

பாட்டிலைக் கையில் எடுத்தேன். முடிச்சு தளர்ந்திருந்தது. அவிழ்த்து, இறுக்கிக் கட்டி வைத்தேன்.