மூன்று ஜாதகமும் ஒரு பிரான்ஸ் டூரும்

டிராவல் ஏஜென்ட் வேலையில் டிக்கெட் போடுவது சுலபம். எதிரே வந்து உட்கார்ந்தவர் நிஜமாக எதற்காகப் போகிறார் என்று கண்டுபிடிப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். சிட்னியில், மெரிலேண்ட்ஸில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில், ஒரு கணினி, மூன்று நாற்காலி, சுவரில் ஐரோப்பா வரைபடம் என்று பதினொரு வருடமாக இந்தப் பிழைப்பை ஓட்டுகிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அடுத்தவர் குடும்ப விவகாரத்தில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் செய்தது சரியா என்று நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள். எனக்கு விடை தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

பாரிஸ் மட்டும் பிரான்ஸ் இல்லை

எங்கள் வட்டாரத்தில் பிரான்ஸ் என்றால் பாரிஸ், பாரிஸ் என்றால் சித்தப்பா வீடு. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு அங்கே சொந்தம் இல்லாமல் இருக்காது. இரண்டு வாரம் போய், ஆறு வீட்டில் புட்டும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டு, ஈபில் கோபுரத்துக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அதனால் தர்ஷினி என்ற பெண் வந்து, வரைபடத்தில் பிரான்ஸின் கிழக்கு ஓரத்தையும் மேற்கு ஓரத்தையும் விரலால் தொட்டுக் காட்டியபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. நான் ஒரே ஒரு முறை போய் வந்தவள், அதையே பத்து வருடமாகப் பேசிக்கொண்டிருப்பவள். கிழக்கே அல்சாஸில் மரச்சட்டம் வைத்த வீடுகள், ஜன்னல் தொட்டியில் சிவப்புப் பூ, புகைபோக்கி மேல் நாரை கட்டிய கூடு. மேற்கே பிரித்தானி என்ற கடலோர மாகாணத்தில் கருங்கல் பாறையும் கலங்கரை விளக்கமும். கடல் வற்றும் நேரத்தில் படகெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடக்கும். இரண்டும் ஒரே நாடு என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாது என்றேன். அவளுக்கு பிரித்தானிதான் வேண்டுமாம், அங்கேயே ஐந்து நாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. எட்டு வயதில் சிட்னிக்கு வந்தவள், பார்மசிஸ்ட். அப்பா அம்மாவை முதல் தடவையாகத் தன் செலவில் அழைத்துப் போகிறாள். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மெல்பர்னில், கிளேட்டனில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு என்று கூட்டிப்போய், அவளுக்கே தெரியாமல் அவளை ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டியிருக்கிறார்கள். மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது, கேக் வெட்டும் வரை அவள் ஒருத்திக்குத்தான் தெரியவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று அன்றே சொல்லிவிட்டாள். அப்பாவும் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறார்.

"இது சும்மா ஹொலிடே அக்கா. மூண்டு பேரும் சிரிச்சுக்கொண்டு போட்டு வரவேணும், அவ்வளவுதான்."

ராகு காலம் பார்த்து ரயில்

அடுத்த வாரம் அவள் அப்பா கனகரத்தினம் அங்கிள் தனியாக வந்தார். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இதயத்தில் பைபாஸ் ஆனவர். மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "பிள்ளை, பயணத்திலை ஒரு சின்ன மாற்றம்" என்றார். பிரித்தானியை எடுத்துவிட்டு துலூஸ் போட வேண்டுமாம். துலூஸ் தெற்கே இருக்கும் ஊர், இளஞ்சிவப்புச் செங்கல் கட்டடங்கள் அழகாக இருக்கும் என்று ஆரம்பித்தேன். அவர் கட்டடத்தைக் கேட்கவில்லை. "அங்கை விமானம் செய்யிற கொம்பனியிலை வேலை எண்டால் நிரந்தரமோ?" என்று கேட்டார். அல்சாஸில் திராட்சைத் தோட்டங்கள் வழியாகவே ஒரு பாதை போகிறது, ஊருக்கு ஊர் வைன் தருவார்கள் என்றேன். முகம் வெளிறிப்போனது. "அப்ப அங்கத்தைய பெடியள் எல்லாரும் குடிக்கிறவையோ?"

பிறகு பையிலிருந்து சிட்னி நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்ட்ராஸ்பூர்க் ரயில் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், அப்போது ராகு காலம் இருக்குமா என்று குறித்தார். சூரியன் அங்கே வேறு நேரத்தில் உதிக்கும் அங்கிள், இந்த நாட்காட்டி அங்கே செல்லாது என்றேன். கேட்டால்தானே! சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு எதற்கு நல்ல நேரம் என்று எனக்கு உள்ளுக்குள் உறைத்தது. இடம் பிடிக்கவில்லை என்றால் நாள் குறைத்துக்கொள்ளலாமே என்று மெதுவாகத் தூண்டில் போட்டேன்.

"இடம் வடிவில்லாட்டியும் பரவாயில்லை, பிள்ளை. குடும்பம் நல்ல குடும்பமா இருந்தால் காணும்."

மறந்துவிட்டுப் போன உறை

அவர் போன பிறகு பார்த்தால் நாற்காலியில் ஒரு பிளாஸ்டிக் உறை. யாருடையது என்று திறந்தேன், அதற்கு இன்றுவரை என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே மூன்று ஜாதகம், மூன்று இளைஞர்களின் புகைப்படம். மூலையில் பென்சிலால் ஊர்ப்பெயர்: பாரிஸ், ஸ்ட்ராஸ்பூர்க், துலூஸ். நான் போட்டுக் கொடுத்த பயணத் திட்டம் அப்படியே அந்த வரிசையில் இருந்தது.

உறையைத் தேடி அவர் திரும்பி வந்தபோது கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேவிட்டேன். தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவர் நீங்கள், அவளுக்குத் தெரிந்தால் வீட்டை விட்டே போய்விடுவாள், இது நியாயமா என்றேன். அவர் கோபப்படவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, நான் போய்ச் சேர்ந்துவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் எரிச்சலும் வந்தது, பரிதாபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்? வாயை மூடிக்கொள்வாள். நானும் மூடிக்கொண்டேன்.

"நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம், பிள்ளை. ரிக்கெற்றை மட்டும் போடுங்கோ."

என் வாயால் பெய்த மழை

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தர்ஷினியின் எண்ணை ஃபோனில் எடுப்பேன், பார்ப்பேன், வைத்துவிடுவேன். திட்டத்தை உறுதி செய்ய வெள்ளிக்கிழமை அவளும் அப்பாவும் சேர்ந்தே வந்தார்கள். காகிதத்தைப் புரட்டியவள் இரண்டாவது பக்கத்தில் நின்றாள். பிரித்தானி எங்கே என்று கேட்டாள்.

அங்கிள் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதோ சொல்லிவிடலாம், இந்த நொடியில் சொன்னால் மூன்று பேருக்கும் நல்லது என்று மனசு அடித்துக்கொண்டது. வாயிலிருந்து வந்ததோ வேறு. "ஜூலையில அங்க ஒரே மழைம்மா. வெளியில தலை காட்ட முடியாது. துலூஸ்னா நல்ல வெயில்" என்றேன். அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"ஓகே அக்கா. நீங்கள் போய்ப் பார்த்தனீங்கள், உங்களுக்குத்தானே தெரியும்."

தற்செயலாகப் பதினொரு பேர்

அவர்கள் கிளம்பிய ஐந்தாம் நாள். மாலை ஆறரை, கதவைப் பூட்டப் போகும் நேரம். அங்கே காலை பத்தரை இருக்கும். ஃபோனில் தர்ஷினி. அவள் பின்னால் தேவாலய மணி அடித்துக்கொண்டிருந்தது. பாரிஸில் அப்பாவின் பழைய சிநேகிதர் என்று ஒருவர் மகனோடு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனாராம், அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று ஸ்ட்ராஸ்பூர்க் தேவாலய வாசலில் தற்செயலாக இன்னொரு தமிழ்க் குடும்பத்தைச் சந்தித்திருக்கிறார்கள். தற்செயலாக வந்த பதினொரு பேரில் நாலு பெண்கள் பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கையில் பலகாரத் தட்டு, ஃபிளாஸ்க்கில் தேநீர். நம்மவர்களுக்கு ரகசியமாகப் பெண் பார்க்கவும் தெரியாது, தட்டில்லாமல் போகவும் வராது. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் தேவாலயத்தை விட்டுவிட்டு இவர்களைப் படம் எடுத்தார்களாம். இதைச் சொல்லும்போதுகூட அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, உங்களுக்கு இது முதலே தெரியுமோ?" என்றாள். இனிமேல் ஒரு பொய் சொன்னால் நான் மனுஷியே இல்லை என்று, "தெரியும்மா" என்றேன். துலூஸிலும் ஒருவர் இருக்கிறார் என்றும் சொல்லிவிட்டேன். மணிச் சத்தம் நின்றது. அவள் ஃபோனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். நாற்காலியில் உட்காரக்கூடத் தோன்றவில்லை, கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"நாளைக்குக் காலமை பிரித்தானிக்கு ரிக்கெற் போடுங்கோ. ஒண்டு. ஒண்டே ஒண்டு."

அன்ரி ஃபோனை வாங்கினார்

மறுநாள் மாலை அங்கிள் ஃபோனில் கூப்பிட்டார். ஹோட்டல் மேசையில் தர்ஷினி எழுதிவைத்த துண்டுச் சீட்டு: ஐந்து நாள் தனியாக இருக்கப் போகிறேன், விமானத்துக்கு பாரிஸ் வந்துவிடுவேன். எந்த ஊர் என்று எழுதவில்லை. நான் டிக்கெட் போட்டவள், எனக்குத் தெரியும். "எங்கை போயிட்டாள், பிள்ளை? சொல்லுங்கோ" என்று கெஞ்சினார். சொல்ல முடியாது அங்கிள், பத்திரமாக இருக்கிறாள், அதை மட்டும் சொல்வேன் என்றேன். "எனக்காக ஒரு மாசம் சொல்லாமல் இருந்தனீங்கள். இப்ப எனக்குச் சொல்ல மாட்டியளோ?" என்று கேட்டார்.

அவர் மூச்சு கேட்க நன்றாக இல்லை. பாஷை தெரியாத ஊர், பைபாஸ் ஆன நெஞ்சு, பக்கத்தில் அவர் மனைவி புஷ்பம் அன்ரி மட்டும். ஏதாவது ஆகிவிட்டால் என் தலையில்தான் விடியும் என்று பயந்து, ஆம்புலன்ஸுக்கு என்ன எண் என்று கணினியில் தேட ஆரம்பித்தேன். அப்போது புஷ்பம் அன்ரி ஃபோனை வாங்கினார். எத்தனையோ தடவை என்னிடம் டிக்கெட் போட வந்தவர், கணவர் பேசுவார், அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றுதான் அவர் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசிக் கேட்டேன்.

"இவருக்கு நெஞ்சிலை ஒண்டுமில்லை, வெக்கம். துலூஸ் ரிக்கெற்றைக் கான்சல் பண்ணுங்கோ, பிள்ளை. என்னையும் கோயில் திருவிழாவிலை சொல்லாமல் கொள்ளாமல்தான் காட்டினவை. நான் அண்டைக்கு எழும்பிப் போகேல்லை."

திரும்பி வந்த பிறகு

மூன்று பேரும் ஒரே விமானத்தில்தான் திரும்பினார்கள். தர்ஷினி செய்தி அனுப்பி இருக்கையை மாற்றச் சொன்னாள்: அப்பா ஜன்னல் பக்கம், அம்மா நடுவில், அவள் ஓரம். மாற்றிக் கொடுத்தேன். வந்த இரண்டாவது வாரமே அவள் தனியாக ஒரு யூனிட் வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சொன்னதைச் செய்துவிட்டாள். அம்மா ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ச் சமைத்துக் கொடுத்துவிட்டு வருகிறார். அப்பா காருக்குள் உட்கார்ந்திருப்பார், இன்னும் உள்ளே கூப்பிடவில்லை என்று கேள்வி.

ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தாள். நான் எழுந்து நின்றேன். மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்து, உங்கள் அப்பா அழுதார், அவர் உடம்பு அப்படி, வாடிக்கையாளர் ரகசியம் என்று என்னென்னவோ உளறினேன். அவள் உட்காரவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்பா மழை எண்டு சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டன், அக்கா. நீங்கள் சொன்னபடியால்தான் நம்பினனான்."

அவள் இப்போது தன் டிக்கெட்டுகளை எல்லாம் தானே இணையத்தில் போட்டுக்கொள்கிறாள். அங்கிளோ மாதம் ஒரு குடும்பத்தையாவது என்னிடம் அனுப்பிவைக்கிறார், "வாயே திறக்காத பிள்ளை, நம்பிப் போகலாம்" என்று சொல்லி.