உப்பு போடாத தயிர்

அந்தச் சித்திரை மாதம் நான் ஓரிடத்தில் உட்கார்ந்ததாகவே நினைவில்லை. அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரருக்கு நாக்கில் புற்று. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் அதைக் கரண்ட் வைக்கிறது என்பார்கள். அதில் வாய் முழுக்க வெந்துபோய், சோற்றைக் கண்டாலே கையெடுத்துக் கும்பிட்டார். பால் குடித்தால் கோழை கட்டியது. ருசியும் போய்விட்டது. "உப்பும் தெரியல, இனிப்பும் தெரியல. எரியறது மட்டும்தான் தெரியுது" என்பார்.

"திங்கக்கிழமை எடை பார்ப்போம். இன்னும் குறைஞ்சிருந்தா மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் ஆகணும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எங்கள் ஊர் பாபநாசம் வரும்வரை பஸ்ஸில் இவர் மூக்கைத் தடவிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மூக்கணாங்கயிறு போட விட்றாத."

உழவு மாடு வைத்திருந்த மனுஷர். அந்தக் குழாய் அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

கனிந்த மாம்பழமும் புளிக்காத தயிரும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து மிக்ஸியில் மைய அடித்துக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லும் பெண் சொல்லியிருந்தாள். கேட்கும்போதே எனக்கு எரிச்சல் வந்தது. தயிரில் சர்க்கரையா? எங்கள் பக்கம் தயிர் என்றால் சோறு, சோற்றோடு உப்பு. இருந்தாலும் வேறு வழியில்லை. பங்கனபள்ளி வாங்கிக் கனிய வைத்தேன். காலையில் உறை ஊற்றிய தயிரைச் சாயங்காலம் புளிப்பதற்குள் எடுத்தேன். பழத்தை அரைத்துத் தயிரை விட்டு ஒரு டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாய்தான். அலறிக்கொண்டு எழுந்தார். டம்ளர் தரையில் உருண்டது.

"என்னத்தடி போட்ட?"

எனக்கே புரியவில்லை. தரையில் கிடந்ததை விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு! தயிரைப் பார்த்ததும் கை தானாக ஜாடிக்குப் போயிருக்கிறது. ஒரு சிட்டிகைதான்; வெந்த வாய்க்கு அது போதாதா? அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "இனிமே உன் கையால எதுவும் வேணாம்" என்றார்.

மாம்பழம் இன்னும் இரண்டு இருந்தன. தயிர் சொட்டுக்கூட இல்லை. கடையில் அந்த நேரத்துக்குக் கிடைக்கிற பாக்கெட் தயிர் புளித்துத்தான் இருக்கும். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அவள் அப்போதுதான் விளக்கு ஏற்றியிருந்தாள். கிண்ணத்தைப் பார்த்தவுடனே முகம் மாறியது. மாம்பழத் தயிரில் உப்பு விழுந்ததையும் இவர் கோபித்துக்கொண்டதையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"விளக்கு வச்சாச்சேக்கா. இந்நேரத்துல எப்படிக்கா தயிரைத் தூக்கிக் குடுக்கறது?"

"ஏண்டி, உன் மகாலட்சுமி என் கிண்ணத்துல ஏறிக்கிட்டு வந்துடுவாளா?"

சொல்லிவிட்டு விறுவிறு என்று திரும்பி வந்துவிட்டேன். விளக்கு வைத்த பிறகு நானும் யாருக்கும் தயிர் கொடுத்ததில்லை. அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் என் ஆத்திரம் அடங்கியிருக்காது. அடுப்படியில் பாத்திரங்களை நங் நங்கென்று வைத்துக்கொண்டிருந்தேன்.

கொல்லைக் கதவு தட்டும் சத்தம். அவள்தான். முந்தானைக்குள் ஒரு தூக்கு.

"எங்க மிக்ஸி மக்கர் பண்ணுதுக்கா. ஒங்க மிக்ஸில கொஞ்சம் அடிச்சுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் என்னைக் கேட்காமலே மாம்பழத்தை எடுத்து நறுக்கினாள். சர்க்கரையோடு அரைத்தாள். நார் தொண்டையில் சிக்கக் கூடாது என்று டீ வடிகட்டியில் வடித்தாள். தயிரைக் கடைசியில் விட்டு ஒரே ஒரு சுற்று. "ரொம்ப ஓட்டுனா வெண்ணெ திரண்டுக்கும்" என்றாள். சும்மா நிற்க முடியாமல் நான் மேடையைத் துடைத்தேன், டம்ளரைக் கழுவினேன், அப்புறம் என்னை அறியாமலே கையை நீட்டினேன். பட்டென்று என் மணிக்கட்டில் ஒரு அடி விழுந்தது.

"ஜாடியத் தொட்டீங்க, பாருங்க!"

அடித்ததில் கொஞ்சத்தை ஊற்றித் தானே குடித்தாள். "என் தயிர், நான் குடிச்சிட்டேன். மிச்சத்தை நீங்க என்ன செய்வீங்களோ, எனக்குத் தெரியாது. நான் யாருக்கும் குடுக்கல." பிறகு கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்து, "அண்ணே, இது அக்கா பண்ணுனதில்ல, நான் பண்ணுனது. பயப்படாம குடிங்க" என்றாள்.

இவர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததில் வலித்து முகம் சுளித்தது. ஸ்பூனால் ஒரு வாய் விழுங்கினார். இன்னொரு வாய். எனக்குப் பார்த்துக்கொண்டு நிற்கத் தெம்பில்லை. கொல்லைப்பக்கம் போய்க் காய்ந்த துணியை எடுத்து மடித்தேன், மடித்ததையே உதறித் திரும்ப மடித்தேன். உள்ளே வந்தபோது டம்ளர் காலியாக இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து வேளாவேளைக்கு அதுதான். உப்பு ஜாடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். திங்கட்கிழமை எடை மெஷினில் அவர் ஏறி நின்றபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். "எடை இறங்கல. ட்யூப் இப்போ வேணாம்" என்ற டாக்டரம்மாவின் குரலைக் கேட்டுத்தான் திறந்தேன். அதன்பிறகு குழாய் போடாமலே வைத்தியம் முடிந்தது.

வாய்ப்புண் ஆறிய பிறகும் ருசி திரும்பவில்லை. எதைக் கொடுத்தாலும் பேசாமல் விழுங்குவார். குறை சொன்னால் சும்மா விடுகிறவள் இல்லை நான். ஆனால் அந்தப் பேசாமைக்கு யாரோடு சண்டை போடுவது? சம்பா நடவு முடிந்த சமயம், வயலிலிருந்து வந்தவருக்குக் குழையப் பிசைந்த தயிர்ச்சோறு வைத்தேன். பயத்தில் உப்பை விரல் நுனியில்தான் தொட்டுப் போட்டிருந்தேன். ஒரு வாய் வைத்தார். மென்றார். நிமிர்ந்து என்னை முறைத்தார்.

"என்னடி சமையல் இது? உப்பே பத்தல."

நான் அப்படியே அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.