அண்ணி திருத்தாத விடை

பதுளையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு பலகையும் ஒரு செங்கல்லும் கிடந்தன. சாப்பிடும்போது அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு, பிறகு பழைய இடத்துக்கே இழுத்துவிடுவோம். அவை அண்ணியின் பொருள்கள். அண்ணி பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் விரிவுரையாளர். மாணவர்கள் அந்தப் பாடத்தை எப்படிக் கற்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆய்வு. ஒரு நாள் என்னையே பிடித்து உட்கார வைத்தார். பலகையின் ஒரு முனைக்கு அடியில் இரண்டு புத்தகங்களைக் கொடுத்துச் சாய்த்து, அதன் மேல் செங்கல்லை வைத்தார். கல் வழுக்கவில்லை. "இந்தக் கல்லுல இப்ப என்ன நடக்குது தம்பி?" என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை, சும்மா இருக்கிறது என்றேன். அண்ணி அதை அப்படியே எழுதிக்கொண்டார். சரியா பிழையா என்று கேட்டேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

சொல்லாமல் இருப்பதுதான் அந்த ஆய்வின் முறை. சாய்தளக் கணக்கைப் பரீட்சையில் பிழையில்லாமல் செய்கிற பிள்ளையே, பலகையையும் கல்லையும் கண்ணெதிரே வைத்துக் கேட்டால் வேறு பதில் சொல்கிறது. அசையாத பொருளில் எந்த விசையும் இல்லை என்கிறது. உண்மையில் கல்லின் பாரம் அதைச் சரிவின் வழியே கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது, உராய்வு பிடித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரைதான் அது நிற்கிறது. பிள்ளைகளின் மனதில் உண்மையாகவே என்ன இருக்கிறது என்று அறிய வேண்டுமானால், கேட்பவர் முகத்தில் எதையும் காட்டக்கூடாது, திருத்தக்கூடாது, எழுதிக்கொள்ள மட்டும் வேண்டும். பாடத் தவணை முடிந்ததும் அதே கேள்வியை மறுபடி கேட்டு, என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு அது விநோதமாகப் படவில்லை. என்னைப் போன்ற செய்தியாளனும் எதிரே இருப்பவர் சொல்வதை வெட்டிப் பேசாமல் எழுதிக்கொள்பவன்தான்.

ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த முறை பழக்கமில்லை. அங்கே பிழையான விடை வகுப்பில் அரை நிமிடம்கூட நிலைக்காது. சொல்லி முடிக்கும் முன்பே டீச்சரின் குரல் வந்துவிடும், சில நேரம் பிரம்பும் வரும். டீச்சர் பேசாமல் எழுதினால் விடை சரி என்று பொருள். அண்ணியும் அப்படியொரு பாடசாலையில் படித்தவர்தான். படித்து வெகுகாலமாகிவிட்டதால் அதை மறந்திருந்தார்.

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த முதலாம் வருட மாணவி ஒருத்தி அந்த மேசையைப் போன்ற இன்னொரு மேசை முன்னால், பல்கலைக்கழகத்தில், உட்கார்ந்தாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் அவளுடைய லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவள். செங்கல்லைப் பார்த்ததும் தானாகவே ஓர் உதாரணம் சொன்னாளாம். "எங்க லயத்துக்கு மேல ஒரு பெரிய கல்லு நிக்குதுங்க மிஸ். மழைக்கு விழுந்துரும்னு எல்லாரும் பயப்படுறாங்க. ஆனா அது அசையவே இல்லையே. அசையாட்டி அதுல விசை இல்லதானே." அண்ணி எழுதிக்கொண்டார். அவ்வளவு தெளிவான பதில் அதுவரை அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. பெயரைச் சொல்லாமல், அன்று மாலை எங்களிடமும் அதைச் சொல்லி வியந்தார். வியந்ததோடு சரி, அந்தக் கல் ஒரு லயத்துக்கு மேலே நிற்கிறது என்பதை வீட்டில் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தபோது அந்தத் தோட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்தது. கல்லுக்குப் பின்னால் நிலத்தில் வெடிப்பு கண்டிருப்பதாக அதிகாரிகள் சொல்லி, கீழே இருந்த லயத்துச் சனங்களைப் பாடசாலை மண்டபத்துக்கு அனுப்பினார்கள். செய்தி எடுக்க நான் போனேன். மழை நிற்கவில்லை, ஆனால் மண்டபம் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. மூலையில் பாய் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் மற்றவர்கள் எங்கே என்று விசாரித்தேன்.

"லயத்துக்குத்தாங்க. நாங்களும் போறோம். இங்க ஒரு கக்கூசு, அம்புட்டு சனத்துக்கும். சமைக்க எடமில்ல. அந்த கெம்பஸ் புள்ள வந்து சொல்லிருச்சு, கல்லு வராதாம்."

"எந்தப் பிள்ளை?"

"நம்ம லயத்துப் புள்ளதாங்க. கல்லப் பத்தித்தான் படிக்குதாம். கெம்பஸ் மிஸ்கிட்டயே சொல்லியிருக்கு. பிழையா இருந்தா மிஸ் சும்மா விடுவாங்களா? பேசாம எழுதிக்கிட்டாங்களாம்."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் இதைச் சொன்னேன். அவர் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது. கீரையைத் தள்ளி வைத்தார். பிறகு, "காலையில முதல் பஸ்ஸுக்குப் போவோம் தம்பி" என்றார். தவணை முடிவில் அந்தப் பிள்ளையிடம் மறுபடி கேட்க வேண்டுமே, இப்போதே விடையைச் சொல்லிவிட்டால் ஆய்வு என்னாகும் என்று அண்ணன் கேட்டார். "ஒரு ஆள் குறைஞ்சா குறையட்டும்" என்றார் அண்ணி.

மறுநாள் பனிமூட்டத்தில் கல் தெரியவில்லை. லயத்துக் கூரைகள் மட்டும் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. மழைக்காக, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு சீக்கிரமே கலைந்திருந்ததால் வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள். அந்த மாணவி கதவைத் திறந்து, "ஐயோ மிஸ், இந்த மழைல" என்று முந்தானையால் கதிரையைத் துடைத்தாள். அண்ணி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். கல் நிற்பது விசை இல்லாததால் அல்ல. இழுப்பும் பிடிப்பும் சமமாக இருப்பதால். தண்ணீர் இறங்க இறங்க மண்ணின் பாரம் கூடும், பிடி தளரும்.

"அப்ப அன்னைக்கு நான் சொன்னது பிழையா மிஸ்?"

"பிழை."

"எழுதிக்கிட்டீங்களே."

"பிழையையும்தான் எழுதுறது. அப்ப திருத்தினா, அடுத்த தடவை நீங்க எனக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லுவீங்க. அதான் அந்த ஆய்வோட முறை."

அடுப்படியிலிருந்து அவளுடைய அப்பா எட்டிப் பார்த்தார். கோபமாகப் பேசவில்லை. "அந்த முறைக்குக் கீழதாங்க நாங்க படுத்திருக்கோம்" என்றார்.

அண்ணி வீடு வீடாகப் போய்ச் சொல்லத் தயாராக இருந்தார். அந்தப் பிள்ளை விடவில்லை. தான் சொல்லித்தான் அவர்கள் திரும்பி வந்தார்கள், தான்தான் சொல்ல வேண்டும் என்றாள். சாக்கு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். நாங்கள் பின்னால் நின்றோம். தான் பிழையாகச் சொல்லிவிட்டதாக அவள் சொன்னபோது, சிலர் உடனே சட்டி பானையைக் கட்டத் தொடங்கினார்கள். சிலர் சிரித்தார்கள்.

"நேத்து வராதுன்ன. இன்னைக்கு வருங்கிற. கல்லு உங்கிட்ட கேட்டுத்தான் வருமா?" என்றார் ஒரு கிழவர்.

"கல்லுக்கு ஜாதகம் பாக்குறா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

அவள் அடுத்த கதவுக்குப் போனாள். அவளுடைய காதுமடல் சிவந்திருந்தது. மாலைக்குள் லயம் காலியானது. கிழவர் கடைசியாக, ஆட்டைப் பிடித்துக்கொண்டு, முணுமுணுத்தபடி இறங்கினார்.

மழை ஓய்ந்தது. மலை விழவில்லை. செய்தியாளனாக நான் பல மண்சரிவுகளைப் பார்த்திருக்கிறேன். விழுந்த மலையை எழுதுவது சுலபம், விழாத மலையை எப்படி எழுதுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வேறு காணி தருவதாகச் சொன்ன அதிகாரிகள் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. சனங்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பிப் போனார்கள். "இன்னும் விழலையே" என்பதுதான் எல்லோருடைய வாயிலும். பலகைக்கு முன்னால் நான் சொன்னதும் ஏறக்குறைய அதே விடைதான். கடைசியில் அந்தப் பிள்ளையின் அப்பாவும் போய்விட்டார். மண்டபத்தில் தனியாக எத்தனை நாளைக்கு இருப்பார்? அண்ணி தன் முறையை மாற்றினார். கேள்வி முடிந்ததும் குறிப்பேட்டை மூடிவிட்டு, சரியான விடையைச் சொல்லித்தான் பிள்ளைகளை எழுப்புகிறார். ஆய்வு கெட்டுப்போகும் என்று சக விரிவுரையாளர்கள் சொன்னார்கள். கெட்டுத்தான் போகும் என்று அண்ணியும் ஒத்துக்கொண்டார்.

போன மாதம் அந்தப் பிள்ளை விடுமுறைக்கு வந்திருந்தபோது நாங்கள் மறுபடி அங்கே போனோம். மெல்லிய தூறல். அப்பா வாசலில் கதவைக் கழற்றிக் குறுக்காகப் போட்டு, அதன் அடிவிளிம்பை இழைப்புளியால் சீவிக்கொண்டிருந்தார். மழைக்கு மரம் ஊதிவிட்டது, கதவு சாத்த மாட்டேன் என்கிறது என்றார். எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்த பிள்ளை, அதைக் கொடுக்காமல் நின்று கதவு நிலையைப் பார்த்தாள். ஒரு பக்கம் தரையை ஒட்டி விரல் நுழையும் இடைவெளி, மறுபக்கம் நிலை மண்ணில் புதைந்து சாய்ந்திருந்தது. அண்ணியும் அதைப் பார்த்துவிட்டார். ஆனால் அவர் வாயைத் திறக்கும் முன்பே அவள் சொன்னாள்.

"அப்பா, மரம் ஊதல. நெலம் நகந்திருக்கு."

அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். உள்ளே போய்ப் பெட்டியை இழுத்தார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "மறுபடியுமா? இந்தத் தடவை கல்லு என்னைக்கு வருதாம்?" என்று சிரித்தாள். அந்தப் பிள்ளை அவளுக்கும் சொல்லப் போனாள். நான் சாமான்களைத் தூக்கிக்கொண்டு லயத்தின் நீளத்துக்கு நடந்தேன். பார்த்துக் குறித்துக்கொள்வது தொழில் பழக்கம். அடுத்த வாசலில் ஈரத்தில் ஒட்டியபடி, கதவைச் சீவிய மரச்சுருள்கள் கிடந்தன. அதற்கடுத்த வாசலிலும். லயம் முடியும்வரை, ஒரு வாசல் விடாமல், புதிதாகச் சீவிய மரத்தின் மணம் வந்துகொண்டிருந்தது.