அவள் நீட்டிய பாதம்

துண்டினை அரையில் கட்டித் தொண்டரின் பாதம் தன்னைக்
கண்டிடக் குனிந்த கோவே, கருணையின் வடிவே, உன்னைக்
கொண்டதோர் நெஞ்சம் ஒன்றே கூலியாய் வேண்டி நின்றேன்;
பண்டுபோல் இன்றும் என்றும் பாதமே துணையாய்த் தாராய்.

உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கு மறுநாளாகிய இத்திங்கட்கிழமை, சித்திரை பிறக்கச் சில நாள்களே இருக்க, வேப்பம்பூ உதிர்ந்து வாசலெல்லாம் மணக்கும் இந்த நல்ல காலைப் பொழுதில், ஆம்பூரில் எங்கள் வீட்டுச் சன்னலோரம் அமர்ந்து இதை எழுதத் தொடங்குகிறேன். கடந்த லெந்து என்னும் தவக்கால நாள்களில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பெரிய செய்தி ஒன்றும் இல்லை. ஒரு கால் பிழைக்குமா, பிழைக்காதா என்பதுதான் செய்தி.

நான் தோல் பார்த்துப் பிழைத்தவன். டேனரியில் பதனிட்ட தோல்கள் கட்டுக்கட்டாய் வந்து இறங்கும். வடக்குச் சன்னலின் சீரான வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் விரித்து, உள்ளங்கையால் தடவி, உண்ணி கடித்த புள்ளி எங்கே, முள் கிழித்த கோடு எங்கே என்று கண்டு தரம் பிரிப்பது என் வேலை. குறை தெரிந்தால் கை தானாக அதை ஒதுக்கிவிடும். ஓய்வு பெற்றபின் பழைய பக்திப் பாடல்களே எனக்குத் தோழமை. விடியலில் எழுந்து ஒரு பதிகத்தையாவது வாய்விட்டுப் பாடாமல் காப்பி குடித்ததில்லை.

என் மனைவிக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். பாதங்களில் உணர்ச்சி குறைந்து போயிருந்தது. செருப்பும் பூட்சும் தைக்கிற ஊர் இது. தெருவில் சிறு ஆணிகள் சிதறிக் கிடப்பது வழக்கம். அப்படி ஒன்று அவள் செருப்பின் அடியைத் துளைத்து, வலது கட்டைவிரலின் அடியில் ஏறியிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. அன்று முழுவதும் சந்தைக்கும் ஆலயத்துக்கும் அதே செருப்பில் நடந்திருக்கிறாள். மாலையில் தரையில் இருந்த கறையைக் கண்டுதான் இருவரும் திகைத்தோம்.

அதன்பின் நாங்கள் செய்த காரியத்தை வேறு ஊரார் செய்திருக்க மாட்டார்கள். அவளுடைய தந்தை டேனரியில், தோலைப் பதனிடும் பட்டைத் தொட்டியில் நின்று வேலை செய்தவர். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் நாளெல்லாம் நின்று, அவர் பாதம் செங்கல்போல் இறுகியிருக்கும்.

"எங்கப்பாவுக்குக் கால்ல முள்ளு கூட ஏறாது. பட்டத் தண்ணி அப்படி," என்றாள். "ஒரு வாரம் ஊற வெச்சா புண்ணு தானா இறுகிக்கும்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பட்டை எங்கள் ஊருக்குப் புதிதா? ஊற வைத்தோம். சில நாள்களில் புண்ணின் மேல்பரப்பு காய்ந்து, பழுப்பேறி, விரலால் தட்டினால் ஓசை வரும்போல ஆயிற்று. குடும்ப ஜெபத்தில் நன்றி சொன்னோம். நான் ஒரு பாடலும் கூடுதலாகப் பாடினேன். அதே வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது.

வேலூரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த செவிலி பாதத்தைத் திருப்பிப் பார்த்து, "இதுல இன்னாம்மா போட்டீங்க?" என்று கேட்டாள்.

என் மனைவி பெருமையோடு சொன்னாள். செவிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள்.

"காலையே பதம் பண்ணிட்டீங்களாம்மா? மேல மூடிக்கிச்சு. உள்ள சீழு போக வழியில்ல."

மேல்தோலைத் திறந்து சீழை வடித்தார்கள். மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: நஞ்சு எலும்பை எட்டியிருந்தால் விரல் போகும், பரவினால் முன்பாதமே போகும். இப்போதைக்கு எடுக்காமல் பார்க்கலாம். நாள்தோறும் உப்புநீரால் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்ற வேண்டும். காலைத் தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது, ஊன்றவும் கூடாது. ஒருநாள்கூட விடக்கூடாது. குருத்தோலை ஞாயிறு கழிந்து வந்து காட்டுங்கள்.

பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் என் கையை நானே பார்த்துக்கொண்டு வந்தேன். உயிர் போன தோலைத்தான் பட்டை இறுக்கும், அழியாமல் காக்கும். உயிருள்ள தோலுக்கு நெகிழ்ச்சிதான் வாழ்வு. வாழ்நாளெல்லாம் தோலைத் தொட்டவனுக்கு இந்த வேறுபாடு தோன்றவில்லையே என்று வியப்பாக இருந்தது. மனத்துக்கும் அதே கதிதான் போலும். மேலே இறுகிப் பளபளக்கும் பக்தியைத் தட்டிப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறோம். உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்து பார்க்க அஞ்சுகிறோம். அந்நாள்களில் என் ஜெபமும் அந்த அச்சத்திலிருந்துதான் எழுந்தது. "ஆண்டவரே, நான் பார்க்காமலே இதைக் குணமாக்கும்" என்பதே அதன் சாரம். எத்தனையோ தோல்களின் குறையைக் கண்ட கண், அந்தப் பாதத்தைப் பார்க்க மறுத்தது.

முதலில் பக்கத்து வீட்டுப் பெண்தான் கட்டு மாற்றினாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். எங்கள் வீட்டில் உரிமையோடு நுழைகிற முஸ்லிம் சகோதரி. அவளுக்கு ரமலான் நோன்பு, எங்களுக்கு லெந்து. கம்பெனி பஸ் வருமுன் ஓடி வருவாள்.

"இன்னாக்கா, நானும் பட்டினி, நீயும் பட்டினி. உன் காலுக்கு மட்டும் தினம் விருந்தா?" என்பாள். என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்க இன்னாத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பாட்டுப் பாடறீங்க? இங்க வந்து வெளிச்சத்தக் காட்டுங்க" என்று அதட்டுவாள். நான் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பேன்.

பெருநாளுக்கு அவள் வாணியம்பாடியிலுள்ள தாய்வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது என்னிடம், "அண்ணா, இனிமே நீங்கதான். தோல் பாத்த கைதானே? பயப்படாதீங்க" என்றாள்.

என் மனைவி உடனே, "அவரு வேணாம். நானே பாத்துக்குவேன்" என்றாள்.

எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது. கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்துக்கொண்டு அவள் ஏதோ செய்வாள். கேட்டால், "ஆச்சு" என்பாள். ஒருநாள் காலை, பாடி முடித்துத் திரும்பியபோது கட்டின் ஓரத்தில் முந்தின நாள் சிந்திய குழம்புக் கறை அப்படியே இருப்பதைக் கண்டேன்.

"நேத்து மாத்துனியா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்னு நர்சு சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க? நானும் கூடத்தானே இருந்தேன்?"

கறைமேல் சேலையை இழுத்து விட்டாள். பின்பு மெல்லச் சொன்னாள்: "குனிய முடியலங்க. கண்ணாடில எதுவும் சரியாத் தெரியல."

உப்புநீர்ப் புட்டியையும் கட்டுத் துணியையும் எடுத்துக்கொண்டு அவள் எதிரில் தரையில் அமர்ந்தேன். அமர்வதற்கே என் முழங்கால்கள் முனகின. கையுறையை மாட்டிக்கொண்டு பாதத்தைத் தொடப் போனேன். அவள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, இன்னா பண்றீங்க! நீங்க போயி என் காலத் தொடறதா? பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"கதவு சாத்தித்தான் இருக்கு."

"ஆண்டவர் பாக்கறாரு இல்ல?"

"அவரு பாத்தா சந்தோஷந்தான் படுவாரு. பெரிய வியாழன்ல இன்னா நடந்துச்சு? அந்த மூத்த சீடரும் உன்ன மாதிரிதான் கால இழுத்துக்கினாரு."

"அவரு கர்த்தரு. சீஷன் காலக் கழுவுனாரு. நீங்க இன்னா, கர்த்தரா?"

எத்தனை ஆண்டுகளாகப் பாடல்களைப் பாடம் செய்தவன் நான். அவள் கேட்ட கேள்விக்கு ஒரு வரியும் உதவவில்லை. பிறகு வந்த சொற்கள் எளியவை.

"கர்த்தரே குனிஞ்சாரு. குனியாம இருக்கிறதுக்கு நான் அவரவிடப் பெரியவனா?"

அவள் முகம் சற்றே இளகிற்று. ஆனாலும் கால் வரவில்லை. அப்போதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது.

எங்கள் ஆலயத்தில் பெரிய வியாழன் ஆராதனையில் பன்னிரண்டு பேரை முன்னே அமர்த்தி, நாங்கள் ஐயர் என்றழைக்கும் ஆயர் கால் கழுவுவது வழக்கம். முதியவன் என்பதால் ஆண்டுதோறும் எனக்கும் ஓர் இருக்கை உண்டு. ஊரே செருப்பு ஊர். காலைப் பார்த்தே ஆளை எடை போடுகிறவர்கள் நாங்கள். ஆதலால் ஒருவரும் அழுக்குக் காலோடு ஆயர் முன் போய் உட்காருவதில்லை. சோப்புப் போட்டு, நகம் வெட்டி, சிலர் பவுடரும் பூசி வருவார்கள். ஆயர் நீர் வார்க்கும்போது கழுவுவதற்கு ஒன்றுமே இருக்காது. என் பாதங்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்? முந்தின நாள் மாலை என்னை முக்காலியில் உட்கார வைத்து, வெந்நீரில் என் கால்களை ஊற வைத்து, கல்லால் குதிகாலைத் தேய்த்தவள் இவள். நான் அந்நேரம் மறுநாள் பாட வேண்டிய பாடலை முணுமுணுத்துக்கொண்டிருப்பேன்.

"வருஷா வருஷம் நீ என் குதிகாலத் தேய்ச்சியே, அது மட்டும் இன்னா?"

"அது வேற."

"இன்னா வேற?"

"சபையில என் மானம் போவக்கூடாதுன்னு தேய்ச்சேன். வெடிப்புக் காலோட போயி உக்காந்தா, பொண்டாட்டி கவனிக்கலன்னு என்னத்தானே பேசுவாங்க?"

"சரி. நாளைக்கு உன் வெரல எடுத்துட்டா, புருஷன் கவனிக்கலன்னு என்னப் பேச மாட்டாங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீரும் வந்தது. "நான் கண்ண மூடிக்கிறேன். நீங்க பாருங்க" என்று சொல்லி, பாதத்தை மெல்ல நீட்டினாள்.

நாற்காலியை வடக்குச் சன்னலுக்கு இழுத்துப் போட்டேன். கட்டை அவிழ்த்தேன். அதுவரை பார்க்க அஞ்சியதைப் பார்த்தேன். வாடை அடித்தது. ஆயினும் பழகிய வெளிச்சத்தில் பழகிய கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. ஓரம் எங்கே வெளுத்திருக்கிறது, நடுவில் எங்கே மஞ்சள், எந்த மூலையில் செவ்வரி ஓடுகிறது என்று தெரிந்தது. ஒன்று மட்டும் புதிது. இதை ஒதுக்கிப் போட, கழித்த தோல்களின் கட்டு எதுவும் என் அருகில் இல்லை. ஒரு தோலின் குறையை, அது நலமாக வேண்டும் என்பதற்காகவே நான் பார்த்தது அதுவே முதல்முறை. நம் ஆண்டவரும் நம்மை இவ்விதமே பார்க்கிறார் என்ற எண்ணம் நீர் வார்க்கும்போது எழுந்தது.

அன்றுமுதல் எங்கள் காலை ஜெபம் இடம் மாறிற்று. அவள் நாற்காலியில், நான் தரையில். ஒரு பதிகம் முடிவதற்குள் ஒரு கட்டு முடியும். "பாட்டு இழுக்கறீங்க, கட்டு தளருது" என்று அவள் கண்ணை மூடியபடியே குறை சொல்வாள். சில நாள்களில் புண் முந்தின நாளைவிட மோசமாகத் தோன்றும். அப்போதெல்லாம் ஆண்டவரிடம் நான் பழைய வேண்டுதலைச் சொல்லவில்லை. "ஆண்டவரே, நாளைக்கும் பார்க்கத் துணிவு தாரும்" என்றே கேட்டேன். நம்பிக்கை என்பதை இதைவிடத் தெளிவாக நான் அறிந்ததில்லை. பலன் அவர் கையில். கட்டை அவிழ்ப்பது என் கையில்.

பரிசுத்த வாரத்துப் புதன்கிழமை வேலூருக்குப் போனோம். மருத்துவர் புண்ணைப் பார்த்தார். எலும்பின் படத்தையும் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார். என் மனைவி என் கையை இறுகப் பற்றியிருந்தாள்.

"எலும்புக்குப் போகலைங்க. அடியில இருந்து நல்லா செவப்பா ஏறி வருது. விரலு பொழச்சிடுச்சு," என்றார்.

முன்பு சிரிப்பை அடக்கிய செவிலி எட்டிப் பார்த்து, "யாரும்மா கட்டு கட்டுனது? நல்லா இருக்கே" என்றாள்.

"எங்க வீட்டு ஆளுதான்," என்றாள் என் மனைவி. "பாட்டுதான் கொஞ்சம் ஜாஸ்தி."

மென்மையான ரப்பர் அடிவைத்த எம்.சி.ஆர். செருப்பு ஒரு சோடி அளவெடுத்துத் தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு கொஞ்சமாக நடக்கலாம் என்று அனுமதியும் தந்தார்கள்.

அன்று மாலை வீடு திரும்பியதும் அவள் வழக்கப்படி வெந்நீர் வைக்க எழுந்தாள். "உக்காரு" என்றேன். மறுநாள் பெரிய வியாழன் ஆராதனைக்கு நான் தேய்க்காத குதிகாலோடு போனேன். வெடிப்பு வெடிப்பாய், தெருப்புழுதி படிந்து, பவுடர் பூசிய கால்களின் வரிசையில் என் கால் தனியாகத் தெரிந்தது. ஆயர் இடுப்பில் துண்டோடு என்முன் குனிந்து, நீர் வார்த்து, ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, இந்த வருஷம் எனக்கு வேல இருக்கும்போல?" என்று காதோடு கேட்டார்.

"வழக்கமாத் தேய்க்கிறவங்களுக்கு லீவு குடுத்துட்டேன் ஐயரே."

அவர் சிரித்துக்கொண்டே துண்டின் ஒரு முனையால் அழுத்தித் துடைத்தார். துண்டு அழுக்கானது. எத்தனையோ ஆண்டுகளில் அன்றுதான் என் பாதம் உண்மையாகவே கழுவப்பட்டது.

நேற்று விடியற்கால ஆராதனைக்கு ஆட்டோவில் போய் இறங்கினோம். வாயிலிலிருந்து பீடத்தருகே உள்ள இருக்கைவரை அவள் தன் காலால் நடந்தாள். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுச் சகோதரி வாசலில் நின்றிருந்தாள். செருப்பை மேலும் கீழும் பார்த்தாள்.

"யக்கா, ஊருக்கே ஷூ தைக்கிறேன் நானு. நீ இன்னா இப்படி ஒரு செருப்பு மாட்டிக்கினு வர்ற? எங்க கம்பெனி மானமே போச்சு!"

"போவட்டும்டீ," என்றாள் என் மனைவி. "காலு இருக்கு."

இன்று காலையும் கட்டு மாற்றினேன். புண் இன்னும் முழுதாக மூடவில்லை. மேலே அவசரமாக மூடாமல் அடியிலிருந்து மெல்ல நிறைந்து வருகிறது. இன்று அவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள்.

இதை வாசிக்கும் அன்பர்களே, அஞ்சி மூடிவைத்த காயம் எதுவாயினும் அதைத் திறந்து பார்க்கும் துணிவை ஆண்டவர் உங்களுக்கு அருள்வாராக. உங்கள் வீட்டில் குனிகிறவர்களின் முழங்கால்களுக்கு வலிமையும், காலை நீட்டத் தயங்குகிறவர்களின் நெஞ்சுக்கு நெகிழ்ச்சியும் தருவாராக. துண்டு கட்டிக் குனிந்தவரின் சமாதானம் உங்கள் வாசற்படிதோறும், நீங்கள் வைக்கும் அடிதோறும் தங்குவதாக. ஆமென்.