இன்ஸ்பெக்டர் கேட்ட பெயர்

மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லேக் மார்க்கெட் அருகே தமிழ்க்காரர்கள் கூடும் ஹாலில் ஒரு வங்காளிப் படம் போட்டார்கள். கொலைப் படம். முடிந்ததும் அதில் சமூகம் என்ன, அரசியல் என்ன என்று எல்லோரும் பேச வேண்டுமாம். ஐந்தாவது வரை படித்த எனக்கு அங்கே என்ன வேலை? மருமகள்தான் விடாமல் அழைத்துப் போனாள்.

திரை என்று ஒரு வெள்ளைத் துணி. ஃபேன் காற்றில் அது அசைய, முகங்களும் தண்ணீருக்குள் கிடப்பவை போல அசைந்தன. இதே ஊரில், பவானிபூரில் ஒரு பழைய வீடு. வீட்டு அம்மாள் இறந்து கிடக்கிறாள். நடுநடுவே கண்ணயர்ந்தேன். விழிக்கும்போதெல்லாம் அந்தப் படிக்கட்டு எங்கள் வீட்டுப் படிக்கட்டாகத் தெரிந்தது. வெளியே பெய்யும் மழை எது, படத்து மழை எது என்று புரியவில்லை.

அங்கே வேலை செய்யும் பெண் மேல்தான் முதல் சந்தேகம். அவள் பெயர் என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். வீட்டிலுள்ள நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "மாஷி" என்கிறார் வீட்டுக்காரர். வங்காளியில் மாஷி என்றால் சித்தி. இந்த ஊரில் வேலைக்கு வருகிறவளையும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஹாலில் சிலர் சிரித்தார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. இருபது வருஷமாக எங்கள் வீட்டுக்கு வரும் மாஷியின் பெயர் எனக்கும் தெரியாது.

பேச்சு ஆரம்பித்தது. கொன்றவன் மனசு எப்படிப்பட்டது, போலீஸ் யார் பக்கம் என்றெல்லாம் பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமி ஒண்ணும் சொல்லலையே?" என்றார்.

"நன்னா இருந்தது" என்றேன்.

"எது, கொலையா?"

எல்லோரும் சிரிக்க, நானும் சிரித்து வைத்தேன். அந்த நாலு பேர் முழித்ததுதான் படத்திலேயே பெரிய குற்றம் என்று எனக்குத் தோன்றியது. சொன்னால், உங்க மாஷி பேர் என்ன என்று யாராவது திருப்பிக் கேட்டால்?

மறுநாள் காலை மாஷி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவாள்; என்னை மட்டும் வங்காளி வழக்கப்படி மாஷிமா என்பாள். கரண்டி துடைக்கிற மாதிரி பின்னால் போய் நின்று, "உன் பேர் என்ன மாஷி?" என்றேன்.

குழாயை மூடினாள். "எதுக்கு மாஷிமா? என்ன காணோம்?"

"ஒண்ணும் காணாமப் போகலை. நேத்து ஒரு சினிமா பார்த்தேன். அதுல பேர் கேக்கறா, ஒருத்தருக்கும் தெரியலை. எனக்கும் தெரியலையேன்னு…"

என் பக்கம் திரும்பினாள். "உங்க பேர் எனக்குத் தெரியும். கேஸ் சிலிண்டர் கொண்டு வரவன் கீழ நின்னு கத்தறானே."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவளே பெயரைச் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னதும் சிரித்துவிட்டாள். "அப்படி இல்லை மாஷிமா" என்று உதட்டைக் குவித்துக் காட்டினாள்.

இதை எழுதுமுன், பெயரைப் போடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி யோசித்தாள்.

"காகிதத்துல வேண்டாம். காகிதத்துல போனா யாராவது தேடிண்டு வருவா. வாயால கூப்பிடுங்கோ, போறும்."

அன்று சாயங்காலம் கூடத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பாள். இன்னொரு தடவை கூப்பிட்டேன். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்ன?" என்றாள்.