அத்தையின் அந்தோணியார்

தையல்காரிக்கும் மாமியாருக்கும் சமையலறைச் சண்டை வந்ததே கிடையாது. வந்ததெல்லாம் வேதச் சண்டைதான். மருமகள் வளர்ந்த சபையில் புனிதர்களிடம் வேண்டுவது பெரிய பாவம். மாமியாருக்கோ, தொலைந்த பொருளைக் காட்டிக் கொடுக்கும் புனிதர் அந்தோணியார், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் பக்கத்து வீட்டுக்காரர்.

சண்டையைக் கிளப்புவது பெரும்பாலும் கத்தரிக்கோல். துணி வெட்டிவிட்டு அதை எங்கே வைத்தோம் என்று மறப்பது தையல்காரியின் பிறவிக் குணம். அவள் அறையைத் தலைகீழாகப் புரட்டும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்து கையால் ஓரம் மடித்துத் தைக்கும் கிழவி கண்ணை மூடுவாள். "அந்தோணியாரே, இவளுக்குக் கொஞ்சம் காட்டிக் குடுங்க." பிறகு நேராகப் போய்த் துணிக்குவியலுக்கு அடியிலிருந்து எடுத்துத் தருவாள்.

"செத்தவங்களுக்குக் காது கேக்குமா அத்தை?"

"உசிரோட இருக்கற உனக்கே நான் சொல்றது கேக்கல. அவருக்காவது கேக்கட்டுமே."

படுத்த படுக்கையான பிறகு ஒருநாள் அத்தை இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் போனதுக்கப்புறம் என்கிட்டயாவது பேசுவியா?"

சும்மாவாவது தலையாட்டியிருக்கலாம். இந்த மகராசிக்குப் பொய் வராது. "வேதத்துல இல்லையே அத்தை" என்றாள். கிழவி சிரித்துவிட்டாள். அடக்கம் முடிந்த பிறகும் அந்தச் சிரிப்பு இவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

போன வாரம் ஒரு கல்யாண கவுன். மணப்பெண் சாயங்காலம் போட்டுப் பார்க்க வருகிறாள், கத்தரிக்கோலைக் காணோம். மேசைக்கு அடியில் தவழ்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே ஜன்னலோர நாற்காலி, காலியாக. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. இந்த கவுனுக்கு ஓரம் யாரு தைப்பா? நான் அப்படிச் சொன்னதுக்கு ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்ல? எதுக்கு அத்தை சிரிச்சீங்க?" அழுகை முட்டியது. கண்ணைத் துடைக்கக் கைக்குக் கிடைத்த துணியை இழுத்தாள். அடியில் கத்தரிக்கோல் கிடந்தது.

வாசலில் கணவன் நின்றிருந்தான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் பயந்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு சர்ச்சுக்கும் போய் வந்தவன். "அம்மாகிட்டயா ஜெபம் பண்ற?" என்றான் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"செத்தவங்ககிட்ட ஜெபம் பண்ணக்கூடாது." அவள் மூக்கை உறிஞ்சினாள். "சண்டை போடக்கூடாதுன்னு எந்த வேதத்துலயும் இல்ல. நீங்க போங்க, நாங்க இன்னும் பேசி முடிக்கல."